குடியைத் திடீரென நிறுத்தினால் என்ன நேரும்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்திய 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதையடுத்து மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, மரணம் விளைவிக்கும் கள்ளச்சாராய விற்பனைக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. விற்பவரைச் சட்டம் தடுக்கலாம். ஆனால், ஆபத்து என்று அறிந்தும் ஒருவர் ஏன் குடிக்கிறார் என்ற வினாவுக்கு மருத்துவமே விடை தர வேண்டும்.

மது மூளையின் இயக்கத்தை மந்தப்படுத்துகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடிப்பவரின் மூளை, அதை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மது நின்றதும் அந்தக் கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. முதல் நாளிலேயே கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். மூன்றாம் நாளையொட்டிச் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்பட்டு, இல்லாத உருவங்கள் தெரியும், குரல்கள் கேட்கும். இதைப் பேய் பிடித்ததாகக் கருதி அறையில் பூட்டி வைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. இது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எனவே, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை "இன்றே நிறுத்து" என்று சத்தியம் வாங்கி வீட்டில் அமர்த்துவது பாதுகாப்பானதன்று. மருத்துவமனையில் மயக்கமூட்டும் மருந்துகளைக் கொடுத்து, அவற்றின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஊசியும் செலுத்தி இந்த நாள்களைக் கடக்கச் செய்வர்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்னும் பொடி விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தகைய பொடியில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் அறிய வழியில்லை. டைசல்பிரம் என்ற மருந்தை உட்கொண்டவர் மது அருந்தினால் கடும் வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, இதயப் பாதிப்பு ஆகியன நேரலாம். அதனாலேயே நோயாளியின் முழு ஒப்புதலுடன், மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே அது தரப்படுகிறது. மனைவியோ தாயோ கவலை மிகுதியால் செய்யும் இச்செயல் உயிரிழப்பில் முடியக்கூடும். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உள்ளன; எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுச் சார்புநிலை உடையோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். வெட்கமும், மனவுறுதி இருந்தால் போதும் என்னும் எண்ணமும் இதற்குப் பெரிதும் காரணமாகின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் மனநோயாகவே வரையறுக்கிறது. சிகிச்சை பெறுவதும், உங்கள் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதும் அச்சட்டம் தரும் உரிமைகள்.

சிகிச்சைக்குப் பின் ஒருவர் மீண்டும் குடித்துவிட்டால், "பணம் வீண்" என்று கைவிட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருந்தைச் சீரமைப்பது போல, இங்கும் மருத்துவரை மீண்டும் அணுகுவதே முறை. பராமரிப்பவராகிய நீங்களும் சோர்வடைந்திருக்கலாம். குடும்பத்தினருக்கான ஆலோசனையையும் கேட்டுப் பெறுங்கள்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை நேரில் அணுகலாம். தொலைபேசியில் பேச விரும்பினால் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. குடிப்பவர் வர மறுத்தாலும், முதல் அழைப்பை நீங்களே செய்யலாம்.