ஐம்பதுக்கு மேல் துணை தேடுவது குற்றமா?

ஐம்பதைக் கடந்த ஒருவர் வாழ்க்கைத் துணை தேடுகிறார் என்ற சேதி தோட்டத்தில் பரவினால், அன்று மாலையே லயத்து வாசல்களில் நகைப்பு எழுகிறது. தேடுபவர் ஆணாயின் அது நகைப்போடு நின்றுவிடும். பெண்ணாயின் நகைப்பு வசையாகும். வசை பிள்ளைகளின் காதை எட்டும். பிள்ளைகள் தாயின் கைத்தொலைபேசியைப் பறிப்பர். இதற்கு மானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். யாருடைய மானம் என்று நாம் கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணத்துக்குக் குறைந்த வயதை விதிக்கிறது; 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அது 18. உச்ச வயது எதனையும் விதிக்கவில்லை. மனைவியை இழந்தவனுக்கு ஒரு நீதி, கணவனை இழந்தவளுக்கு வேறொரு நீதி என்றும் அது கூறவில்லை. இந்தியாவில் 1856ஆம் ஆண்டிலேயே கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் இடங்கொடுத்தது. சட்டம் திறந்துவைத்த கதவை ஊர்வாய் சாத்துவதை நாம் ஏற்பதற்கில்லை.

சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் இத்துயர் இரட்டிப்பாகும். நுவரெலியாவைப் போல மலைக்கு மலை நம்மவர் செறிந்து வாழும் இடமன்று இது. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை எங்கும் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகள்போல் சிதறிக் கிடக்கின்றன நமது தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள். முன்னாளில் மாமனும் அத்தையும் பெரியப்பனும் அடுத்த தோட்டத்தில் இருந்தனர், சம்பந்தம் பேசினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அந்த உறவில் ஒரு பாதியைக் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பியது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் எஞ்சியோரில் பலரை வவுனியாவுக்கு விரட்டின. இன்று பிள்ளைகள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கின்றனர். தனித்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ சம்பந்தம் பேச எவர் இருக்கிறார்? ஒருவரும் இல்லாததால்தான் அவர் கைத்தொலைபேசியைத் திறக்கிறார்.

அங்கே எல்லாம் இலவசம் என்று எழுதியிருக்கிறது. அந்த இலவசத்தைச் சற்று ஆராய்வோம். திருமணத் தளங்கள் பலவற்றில் பெயரையும் படத்தையும் பதிவதற்குக் காசில்லை. எதிர்த் தரப்பின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டால் காசு கேட்பர். முகநூலும் வாட்ஸ்அப்பும் உண்மையிலேயே காசு கேட்பதில்லை. ஆனால் அங்கே பேசுபவர் யாரென்பதற்கு எவரும் பொறுப்பில்லை. கடல் கடந்த மருத்துவர் என்றும் பொறியியலாளர் என்றும், பிறர் படத்தைத் தம் படமாக இட்டு அன்பு பேசுவோர் உண்டு. சில வாரங்களில் பரிசுப் பொதி வருகிறது என்பர். அது சுங்கத்தில் தங்கிவிட்டது, தீர்வையை இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள் என்பர். இலங்கைச் சுங்கம் தனியார் ஒருவரின் கணக்கில் தீர்வை வாங்குவதில்லை என்பதை நம் தாய்மார் மனத்திற் பதித்தல் வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் வயது பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் சேர்த்த பணம் கைக்கு வருகின்ற வயதும், தனிமை வாட்டுகின்ற வயதும் ஒன்றாயிருப்பதை மோசக்காரன் அறிவான். நாம் அறிய வேண்டாமா?

ஆகவே தேடுவோர்க்கு நாம் கூறுவது இது: நேரிற் காணாதவர்க்கு ஒரு சதமும் அனுப்பாதீர். அடையாள அட்டையின் படத்தையும் வங்கி விவரத்தையும் கொடாதீர். முதற் சந்திப்பு பட்டணத்தில், பலர் நடமாடும் இடத்தில், நம்பிக்கையான ஒருவர் துணையோடு நிகழட்டும். மனம் ஒத்தால் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். கோவிலில் தாலி கட்டினால் போதும் என்று விட்டுவிட்டுப் பின்னாளில் மனைவியென நிறுவ முடியாமல் அலுவலகப் படி ஏறி இறங்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. முந்திய மணம் சட்டப்படி முறியாதிருப்பின் முதலில் அதனைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பிள்ளைகளின் அச்சம் சொத்தைப் பற்றியது. அதனை நாம் இகழவில்லை. 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, சாசனம் எழுதாது இறந்தவரின் சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்குச் சேரும். இதற்குப் பரிகாரம் தாயைப் பூட்டிவைப்பதன்று. மரண சாசனம் எழுதுவதாகும். மணத்துக்கு முன் எழுதிய சாசனம் மணத்தோடு செயலிழந்துவிடும். ஆதலால் மணத்தின் பின்னரே எழுதுவிக்க வேண்டும்.

இறுதியாகத் தொழிற்சங்கங்களுக்கும் கோவில் பரிபாலன சபைகளுக்கும் ஒரு வார்த்தை. 2001ஆம் ஆண்டின் குஜராத் நிலநடுக்கத்தில் துணையிழந்தோரின் தனிமையைக் கண்டு மனம் நொந்த நாதுபாய் பட்டேல் என்பவர், அகமதாபாதில் 50 வயதைக் கடந்தோர் கூடிப் பேசித் துணை தெரிவதற்கு இலவசக் கூட்டங்களை நடத்தலானார். பகிரங்கமாக, பலர் முன்னிலையில், காசில்லாமல்! சந்தாவை மாதந்தோறும் வெட்டத் தெரிந்த சங்கங்களுக்கு, போயா நாளொன்றில் இரத்தினபுரியிலோ கேகாலையிலோ இத்தகைய கூட்டமொன்றைக் கூட்டத் தெரியாதா? திருவிழாவுக்குப் பந்தல் போடும் கோவில்கள் இதற்கொரு மண்டபம் தர மறுக்குமா?

வெளிச்சத்தில் வழி இருந்தால் எவரும் இருட்டில் தடவார். அவ்வழியை அமைப்பது நம் கடன். அதனைச் செய்யாமல், வழி தேடியவரைப் பார்த்து நகைப்பதற்கு நமக்கு என்ன உரிமை?