சிவப்பு மைக்கூடு

நமது வகுப்பு மாணவர்கள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்துகிறார்கள். "நடத்துகிறார்கள்" என்பது உபசார வார்த்தை. சென்ற மாதம் வரையில் அதை நடத்தியவர் சாக்ஷாத் நாமேதான். கட்டுரைகளை வாங்கிச் சிவப்பு மையால் திருத்துவோம், தலைப்பை மாற்றுவோம், முடிவில் ஒரு நீதியையும் சேர்ப்போம். பத்துப் பையன்கள் எழுதிய கட்டுரைகள் பத்தும் 45 வயது உபாத்தியாயர் ஒருவரே எழுதியவைபோல் அமைந்துவிடும்! ஒரு நாள் பத்திரிகாசிரியப் பதவி வகித்த பையன், "ஸார், அடுத்த இதழை நீங்களே எழுதிவிடுங்களேன், எங்களுக்குப் பரீட்சை நெருங்குகிறது" என்றான். அவன் பரிகாசம் செய்யவில்லை. அதுதான் நம்மைச் சுட்டது.

அன்றிரவு மகாத்மா காந்தியின் நினைவு வந்தது. 1934 அக்டோபரில், பம்பாய்க் காங்கிரஸை ஒட்டி, அவர் காங்கிரஸை விட்டு விலகினார். நாலணா அங்கத்தினராகக்கூட இருக்கவில்லை. அவர் கூறிய காரணங்களில் ஒன்று சிந்திக்கத் தக்கது. படித்த காங்கிரஸ்காரர் பலர் தம் வழியை மனமார ஒப்பாமலே, தம்மிடமுள்ள பக்தியினால் தலையசைக்கிறார்கள். தம் செல்வாக்கு அவர்களுடைய சுயபுத்தியை நெருக்குகிறது என்று அவர் கருதினார். தலையசைப்பைச் சம்மதம் என்று எண்ணி மகிழாத தலைவர் அபூர்வம்.

ஆனால் பதவியை விடுவது எளிது; பிடியை விடுவது அரிது. 1939 ஜனவரியில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் வென்றார்; பட்டாபி சீதாராமய்யா தோற்றார். அந்தத் தோல்வி தம்முடையதே என்றார் காந்தியடிகள். அங்கத்தினர் அல்லாதவரின் சொல்தான். ஆயினும் அதன் பாரம் பெரிது. ஏப்ரலில் போஸ் ராஜிநாமாச் செய்தார். குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மகாத்மாவுக்கே அரிதாயிருந்தது நமக்கு எளிதாகுமா?

மறுநாள் சிவப்பு மைக்கூட்டை அலமாரியில் பூட்டிச் சாவியை அந்தப் பையனிடமே கொடுத்தோம். கேட்டால் சொல்லுவோம், கேளாமல் வாய் திறவோம் என்றும் வாக்களித்தோம். இதழ் 4 நாள் தாமதித்து வந்தது. முதற் பக்கத்திலேயே இரண்டு சந்திப்பிழைகள்! விரல் துடித்தது. ஏழாம் பக்கத்தைப் புரட்டினோம். குழாயடியில் சின்னப் பையன்களைப் பெரிய பையன்கள் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பற்றி ஒரு கட்டுரை. நாம் தினமும் கடந்து போகும் குழாயடி. நாம் காணாத அநியாயம். எழுதிய மாணவன் அதுவரை நம்மிடம் ஒரு வரிகூடக் கொடுத்ததில்லை. ஏன் என்று கேட்டோம்.

"நீங்கள் மாற்றிவிடுவீர்களே, ஸார்!" என்றான்.

சந்திப்பிழைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நாம் படித்த பாடங்களில் இதுவே கடினமானது.