ஓர் ஆசிரியர், ஒரு மாணவர்

மாண்புமிகு மத்திய வர்த்தக, தொழில்துறை அமைச்சர் அவர்களுக்கு,

போதனையின் பொருட்டு ஓர் ஆசிரியரோ மாணவரோ ஒரு நூலிலிருந்து பிரதி எடுத்துக்கொள்வது உரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் அளித்திருக்கும் விலக்கினை, அரசாங்கத்துக்குச் சொந்தமான கல்வி நிலையங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வர்த்தகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021-இல் தன் 161-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஒருநாளும் சட்டமாகலாகாது என்று தங்களை வேண்டிக்கொள்ளவே இம்மடலை வரைகிறேன்.

தர்ம ஸ்தாபனம் ஒன்று நடத்திவந்த சிற்றூர்க் கல்லூரியில் முப்பதாண்டுக் காலம் சரித்திரம் போதித்தவன் நான். அயல்நாட்டுப் பிரசுராலயத்தின் நூலொன்று வாங்கப் புகுந்தால் தந்தையின் ஒரு மாதக் கூலி முழுதும் கரைந்துபோகும் வீடுகளிலிருந்தே என் மாணவர்களிற் பெரும்பாலோர் வந்தார்கள். நூலகத்திலிருந்த ஒரே பிரதியில் அவ்வாரப் பாடத்துக்கு வேண்டிய ஓர் அத்தியாயத்தை நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க, அதை ஐந்தாறு பேர் ஓரங்களிற் குறிப்பெழுதிக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்துத் தேறினார்கள். அதே நூலின் அதே அத்தியாயத்தைப் பக்கத்து ஊர் அரசுக் கல்லூரி மாணவன் பிரதி செய்தால் நியாயம், என் மாணவன் செய்தால் குற்றம் என்று ஒரு சட்டம் சொல்லுமாயின், இருவரிடையே அது காணும் பேதந்தான் யாது?

தில்லிப் பொருளாதாரக் கல்லூரி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்னும் சிறு ஜெராக்ஸ் கடையின் மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளின் பிரசுராலயங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் நிறுவனமும் 2012-இல் தொடுத்த வழக்கை இங்கே நினைவூட்டுதல் தகும். பாடத்திட்டத்தையொட்டிப் பல நூல்களின் பகுதிகளைக் கோத்து அக்கடை விற்ற தொகுப்புகளே வழக்கின் பொருள். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில், மேல்முறையீட்டில், வழக்கை விசாரணைக்குத் திருப்பி அனுப்பிய இரு நீதிபதிகள் அடங்கிய ஆயமோ, எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாராமல், போதனைக்கு அது தேவையா என்பதையே உரைகல்லாக வைத்தது. மறு ஆண்டு பிரசுராலயங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. கட்டடம் யாருடையது என்ற வினாவுக்கு அந்த உரைகல்லில் இடமே இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

நூலாசிரியனின் ஜீவனத்தை நான் அற்பமாகக் கருதுகிறவன் அல்லன். முழு நூலையும் களவாய் அச்சிட்டுச் சந்தையில் விற்கிறவனைத் தண்டிக்கச் சட்டத்தில் இப்போதே இடமிருக்கிறது. அதைத் தயங்காது பிரயோகியுங்கள். ஆனால் நாற்பது பக்கம் பிரதி எடுத்த மாணவன் அந்நூலை விலைகொடுத்து வாங்கியிருக்கக்கூடியவன் அல்லன்; அவனைத் தடுப்பதால் நூலாசிரியனுக்கு ஒரு காசும் சேராது, அவன் படிப்பு மட்டுமே நின்றுபோகும்.

பிரதிகளை மின்வடிவில் சேமித்து வைப்பதற்கும் வரம்பு வேண்டும் என்று அந்த நிலைக்குழு கூறியிருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறை பூட்டிக் கிடந்தபோது, ஆசிரியர்கள் கைப்பேசியில் அனுப்பிய பக்கங்களே பல மாணவர்களுக்குப் பாடமாக இருந்தன. அதுவும் போதனையே என்று சட்டத்தில் தெளிவாக ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். மற்றபடி, எந்தக் கல்லூரி என்று கேளாமல் "ஓர் ஆசிரியர் அல்லது ஒரு மாணவர்" என்று மட்டுமே சொல்லும் 52-ஆம் பிரிவு விலக்கின் சொற்கள், 1957-இல் எழுதப்பட்ட விரிவோடு அப்படியே இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன் ஒருவன்