முதலில் நாற்காலியை நகர்த்துங்கள்!

மாணவர்களே! வீட்டு ஸ்டீரியோவுடன் சப்வூஃபர் ஒன்றைச் சேர்க்க விரும்புவோர், "எத்தனை வாட்? எத்தனை அங்குலம்?" என்றே கேட்கின்றனர். தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளுக்கென்றே அமைந்த இப்பெட்டியை எங்கே வைப்பது, நாம் எங்கே அமர்வது என்பதே முதற்கேள்வியாக வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே உள்ளது. காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். எனவே 34 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 மீட்டர். 5 மீட்டர் நீளமுள்ள அறையில் இதில் பாதி சரியாக அடங்கும். சுவர்களில் பட்டுத் திரும்பி நிலையலை உண்டாகும். அப்போது காற்றழுத்த மாறுபாடு அவ்விரு சுவர்களருகே மிகுதி. நடுவில் மிகக் குறைவு. நடுவில் அமர்ந்தவர் அவ்வொலி போதவில்லையென்று விசையைக் கூட்டினால், அவருக்குப் பயன் சிறிதே. தொல்லை அடுத்த வீட்டாருக்கு! தாழ்ந்த ஒலியைச் சுவர்கள் எளிதில் தடுப்பதில்லை அல்லவா?

ஆகவே, நாற்காலியை நடுவிலிருந்து சற்று நகர்த்துங்கள். பிறகு பெட்டியை அந்த நாற்காலி இருந்த இடத்திலேயே வைத்து இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். தாழ்ந்த சுரங்கள் எங்கே சீராகக் கேட்கின்றனவோ, அதுவே பெட்டிக்குரிய இடம். ஒலி மூலமும் செவியும் இடம் மாறினாலும் விளைவு மாறாது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860இல் நிறுவினார்.

பணப்பையைத் திறக்குமுன் அளவுநாடாவை எடுங்கள். 340ஐ உங்கள் அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள்.