கேமிங் கணினிக்கு ஓவர்கிளாக் இனி தேவையில்லை

2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனம் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற ப்ராசஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கடைகளில் இருந்த 5800எக்ஸ் போலவே இதிலும் எட்டு கோர்கள்தான். ஆனால் உச்ச வேகத்தை 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5-க்கு இறக்கியிருந்தார்கள், வாங்குபவர் அதை ஏற்ற முடியாதபடி பூட்டியும் விட்டார்கள். கூடுதலாகக் கொடுத்தது ஒன்றே ஒன்று: சில்லின் மேல் இன்னொரு சில்லாக அடுக்கிய 64 எம்.பி. கேஷ் நினைவகம். 32 எம்.பி. ஆக இருந்த எல்3 கேஷ் அதனால் 96 ஆனது. வேகம் குறைந்த, பூட்டப்பட்ட அந்தச் சில்லு பெரும்பாலான கேம்களில் 5800எக்ஸை மட்டுமல்ல, 12 கோர்கள் கொண்ட 5900எக்ஸையும் முந்தியது. இத்தனைக்குப் பிறகும் கேமிங் கணினி வாங்க வருபவர்களின் முதல் கேள்வி, "எத்தனை கிகாஹெர்ட்ஸ், இன்னும் எவ்வளவு ஏத்தலாம்?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்விதான் அவர்கள் பணத்தைத் தவறான இடத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது.

கேம் ஓடும்போது ப்ராசஸர் செய்யும் வேலையைப் பார்த்தால் காரணம் விளங்கும். விநாடிக்கு 144 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது ஏழு மில்லிவிநாடிக்கும் குறைவு. அதற்குள் ஒவ்வொரு பாத்திரமும் எங்கே நிற்கிறது, எது எதன் மீது மோதுகிறது, எதிரி அடுத்து என்ன செய்வான் என்பதையெல்லாம் கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லியாக வேண்டும். இதற்கான தகவல்கள் நினைவகத்தில் ஒரே இடத்தில் வரிசையாக இருப்பதில்லை, சிதறிக் கிடக்கின்றன. கேஷ் என்பது கைக்கு எட்டும் அஞ்சறைப்பெட்டி. ரேம் தெருமுனை மளிகைக்கடை. கேஷில் இருந்தால் சுமார் பத்து நானோவிநாடியில் தகவல் வந்துவிடும். இல்லாவிட்டால் ரேம் வரை போய்வர எழுபது, எண்பது நானோவிநாடி ஆகும். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அந்த எண்பது நானோவிநாடி என்பது 360 கடிகாரத் துடிப்புகள். வேகத்தை 4.7-க்கு ஏற்றினாலும் ரேமிலிருந்து தகவல் வரும் நேரம் குறையப்போவதில்லை. 360 துடிப்புக்குப் பதில் 376 துடிப்பு வீணாகும், அவ்வளவுதான். கேஷைப் பெருக்கினால் அந்தப் பயணமே பல நேரங்களில் தேவைப்படாமல் போகிறது.

ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் ஒருகாலத்தில் உண்மையாகவே லாபம் தந்தது என்பதை மறுக்க முடியாது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்கு நல்ல உதாரணம். 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு அது. மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் பல சில்லுகள் 450 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓடின. பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த பென்டியம் 2-இன் வேகம் மலிவுச் சில்லில் கிடைத்தது. 2011-இல் வந்த கோர் ஐ5-2500கே-யும் அப்படித்தான்: 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் கொண்ட அதைச் சுமாரான ஏர் கூலர் வைத்தே 4.5 வரை கொண்டுபோனவர்கள் ஏராளம். அன்று நிறுவனங்கள் பாதுகாப்புக்காக நிறைய இடைவெளி விட்டுத்தான் சில்லுகளை விற்றன. அந்த இடைவெளியை வாங்கியவர் எடுத்துக்கொண்டார்.

இன்று அந்த இடைவெளியை நிறுவனங்களே எடுத்துக்கொண்டு விட்டன. வெப்பம், மின்னோட்டம், வேலைப்பளு மூன்றையும் நொடிக்குப் பலமுறை அளந்து, முடிந்த அளவு வேகத்தை ப்ராசஸரே ஏற்றிக்கொள்கிறது. மிச்சம் இருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5.2 கிகாஹெர்ட்ஸை 5.4 ஆக்கினால் கிடைப்பது நான்கு சதவீதம்கூட இல்லை. அது முழுவதும் கேமில் வெளிப்பட்டாலும் 120 பிரேம் 125-ஐ எட்டாது. செலவோ அந்த விகிதத்தில் நிற்பதில்லை. மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருபடியாகவும் கூடும். நான்கு சதவீத வேகத்துக்கு ஐந்து சதவீத வோல்டேஜ் கூட்டினால் மின்செலவும் வெப்பமும் ஏறத்தாழ பதினைந்து சதவீதம் ஏறும். எந்தக் கூலரும் வெப்பத்தை அறைக் காற்றில்தான் கொட்டியாக வேண்டும். 22 டிகிரி அறையில் எடுத்த சோதனை முடிவுகள், மே மாதச் சென்னையில் ஏ.சி. இல்லாத அறையில் அப்படியே கிடைக்காது.

எல்லை எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதை இன்டெல்லின் அனுபவமே காட்டியது. அதன் ஐ9-14900கே உச்சத்தில் 6 கிகாஹெர்ட்ஸைத் தொடும். 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர் வைத்திருந்தவர்கள் பலருக்கு கேம் தொடங்கும்போதே, ஷேடர்களைத் தயார்செய்யும் கட்டத்தில், வீடியோ நினைவகம் போதவில்லை என்ற பிழைச்செய்தி வந்து ஆட்டம் மூடிக்கொண்டது. செய்தி கைகாட்டியது கிராபிக்ஸ் கார்டை. கோளாறு இருந்ததோ ப்ராசஸரில். தேவைக்கு மேல் வோல்டேஜ் போவதுதான் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வந்தது, உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்துபோன சில்லை எந்தத் திருத்தமும் மீட்காது. ஓவர்கிளாக்கே செய்யாதவர்களுக்கும் இது நேர்ந்தது. தயாரித்த நிறுவனமே தடுமாறிய விளிம்பில், அதற்கு மேலும் வோல்டேஜை ஏற்று என்று ஒரு மாணவருக்கு அறிவுரை சொல்வது பொறுப்பான செயல் அல்ல. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று இன்டெல், ஏ.எம்.டி. இரு நிறுவனங்களுமே எழுதிவைத்திருக்கின்றன. அத்தகைய சேதத்துக்கு மாற்றுச் சில்லு தர இன்டெல் தனியாக விற்றுவந்த திட்டமும் 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

2024 நவம்பரில் வந்த ஏ.எம்.டி.யின் 9800எக்ஸ்3டி பூட்டில்லாமல்தானே வந்தது என்று கேட்கலாம். உண்மைதான். கேஷ் சில்லைக் கோர்களுக்கு மேலிருந்து கீழே மாற்றியதால் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. அதனால்தான் பூட்டைத் திறக்க முடிந்தது. ஆனால் அதன் பலம் அந்த 96 எம்.பி. கேஷில் இருக்கிறது. வாங்கியபடியே வைத்து ஆடினாலும் அதன் பலனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். போட்டி ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு பிரேமும் முக்கியம் என்பது இன்னொரு வாதம். அவர்களுக்குத்தான் நிலைத்தன்மை எல்லாரையும்விட முக்கியம். மணிக்கணக்கில் ஓடும் அழுத்தச் சோதனையில் தேறிய ஓவர்கிளாக், பளு குறைந்து கூடும் ஒரு கணத்தில் ஆட்டத்தின் நடுவில் விழுந்துவிடுவது உண்டு.

இவற்றில் எனக்கு முழு மரியாதை உள்ள எதிர்வாதம், ஓவர்கிளாக் ஒரு கற்றல் என்பதுதான். பயாஸுக்குள் போய் வோல்டேஜையும் வெப்பத்தையும் கையாண்டு பார்த்த பிள்ளைகள் கணினியை வெறும் பெட்டியாகப் பார்ப்பதில்லை. அந்த ஆர்வத்தைத் தடுக்கக் கூடாது. ஆனால் அதே கற்றல் எதிர்த்திசையிலும் கிடைக்கிறது. ரைசன் போர்டுகளில் உள்ள கர்வ் ஆப்டிமைசரில் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்து, தன் சில்லு எதுவரை தாங்கும் என்று தேடலாம். வேகம் குறையாமல் வெப்பம் இறங்கும். சில நேரங்களில் வேகமே சற்றுக் கூடும். பொறுமையும் அளவீடும் இதற்கும் அதே அளவு வேண்டும். பளு இல்லாமல் கணினி சும்மா இருக்கும்போதும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் வோல்டேஜ் குறைத்த சில்லு அப்போதுதான் பல நேரம் தடுமாறும்.

ஓவர்கிளாக் என்ற ஆசைக்குக் கொடுக்கும் விலையைக் கூட்டிப் பாருங்கள். இன்டெல்லில் முறையாகச் செய்ய கே எழுத்துள்ள ப்ராசஸர் வேண்டும், இசட் வரிசை மதர்போர்டு வேண்டும், பெரிய கூலர் வேண்டும், அதற்கேற்ற பவர் சப்ளை வேண்டும். கூலரோடு சேர்த்தே விற்கப்படும் ரைசன் 5 7600 போன்ற ஆறு கோர் ப்ராசஸரையும் சாதாரண மதர்போர்டையும் வாங்கி, மீதத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் 1440பி-யிலும் 4கே-யிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடைக்கும். ரேமை ஒற்றை ஸ்டிக்காக வாங்காமல் இரண்டாக வாங்க வேண்டும். 6000 என்று விற்கும் டிடிஆர்5 ரேம், பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்காதவரை பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். நிறுவனங்களின் கணக்கில் இதுவும் ஓவர்கிளாக்தான். நான் பரிந்துரைக்கும் ஒரே ஓவர்கிளாக்கும் இதுதான்.

ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர் புது ப்ராசஸருக்குப் பணம் எடுப்பதற்கு முன் ஒன்றைச் செய்து பார்க்கலாம். வழக்கமாக ஆடும் கேமில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். பிரேம் எண்ணிக்கை தாவி ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது, ப்ராசஸரைத் தொட வேண்டியதே இல்லை. எண்ணிக்கை அசையாவிட்டால் மட்டுமே ப்ராசஸரைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, எல்3 கேஷ் எவ்வளவு என்பதைத்தான்.