உத்தம சோழன் மேல் ஏன் இந்தப் பழி?

பெசன்ட் நகர் கடற்கரையில் நடைப்பயிற்சி முடிந்ததும் நண்பர் அடித்துச் சொன்னார்: "சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையால் அரியணை உத்தம சோழனுக்குக் கிடைத்தது. அப்புறம் என்ன சந்தேகம்?"

பலன் பெற்றவனே கொலையாளி என்றால், கி.மு. 336இல் தந்தை பிலிப் கொல்லப்பட்டதும் மாசிடோனிய மன்னனான அலெக்சாந்தரையும் கூண்டில் ஏற்ற வேண்டும். அங்கும் சந்தேகம் உண்டு, சாட்சி இல்லை.

நண்பர் நம்புவது காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டை. உத்தமனுக்குப் பின் அரியணை ஏறிய, கரிகாலனின் தம்பி ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. அவர்கள், உறவினர்கள் ஆகியோரின் நிலம் பற்றிப் பேசுகிறது. உத்தமன் அவர்களைக் காப்பாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. நில ஆணை ராஜராஜன் காலத்தில் வந்தது என்பதற்காக, அதுவரை தண்டனையே இல்லை என்று எப்படி முடிவு கட்டுவது?

அலெக்சாந்தர் பட்டமேறியதும் போட்டிக்கு வரக்கூடிய அமிந்தாஸைத் தீர்த்துக்கட்டினான். ராஜராஜனோ உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனுக்குக் கோயில்களை விசாரிக்கும் பொறுப்பையே கொடுத்தான். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி ராஜராஜன் ஆட்சியிலும் மதிப்போடு கோயில்களுக்குக் கொடை அளித்து வந்தார். சொந்த அண்ணனைக் கொன்றவனின் குடும்பத்தை ஒரு தம்பி இப்படியா நடத்துவான்? நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.