தலைக்கு மேல கயாக்கு, மூக்குல ஒரு கயிறு

ரூஃப் ரேக் விஷயத்துல நம்ம பசங்க காசை இறைக்கிற இடமும் தப்பு, மிச்சம் பிடிக்கிற இடமும் தப்பு. சொன்னா "அண்ணனுக்குப் பயம்"ங்கிறானுங்க. ஆமாப்பா, பயம்தான். நெடுஞ்சாலையில 110ல போறப்ப 25 கிலோ படகு கழண்டு பின்னால வர்றவன் கண்ணாடியில விழுந்தா என்ன ஆகும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

நம்மூர் அம்பாசிடர் மேல கேரியர் பார்த்திருப்பீங்க. கூரை ஓரமா மழைத்தண்ணி வடியறதுக்கு ஒரு விளிம்பு இருக்கும். அதைக் கவ்விப் பிடிச்சு ஸ்க்ரூவை முறுக்கினா முடிஞ்சுது, கல்யாணச் சீர்வரிசை பூரா ஏத்தலாம். இப்ப வர்ற கார்கள்ல அந்த விளிம்பே கிடையாது. கூரையில நீளவாக்குல கம்பி வச்சே வர்ற காரா இருந்தா வேலை சுலபம். எங்க பழைய கோல்ஃப் மாதிரி மொட்டைக் கூரைன்னா நாலு கால் வைக்கணும். ஒவ்வொரு கால் அடியிலயும் ஒரு ரப்பர், கூடவே கதவைத் திறந்தா தெரியுற சட்டத்துல மாட்டுற ஒரு கொக்கித் தகடு. இந்த ரப்பரையும் தகட்டையும்தான் 'கிட்'ங்கிறாங்க. கம்பியையும் காலையும் ஒரு கார்லேர்ந்து கழட்டி இன்னொண்ணுல போடலாம். கிட் மட்டும் மாடலுக்கு மாடல் வேற.

இது தெரியாம (சரி, தெரிஞ்சும் சோம்பல்ல) பழசு வித்த ஒருத்தர்கிட்ட முழு செட்டா வாங்கினோம். அவர் கார் வேற மாடல். மாட்டிப் பார்த்தா கல்லு மாதிரி உக்காந்துச்சு, பிடிச்சு ஆட்டினோம், கார்தான் ஆடுச்சு. அப்பறம் என்னன்னு ரெண்டு கயாக்கையும் ஏத்திக் கட்டி கோத்தன்பர்க்லேர்ந்து இ6 ரோட்டுல வடக்கே, ஷோர்ன் தீவுக்குக் கிளம்பியாச்சு. கொஞ்ச தூரத்துல மேலேர்ந்து ஒரு "டொக்". ஓரங்கட்டிப் பார்த்தா முன்கம்பி ஒரு பக்கம் நாலு விரற்கடை பின்னால நகர்ந்திருக்கு. படகு ஏன் பறக்கலைன்னா, முன்மூக்குலேர்ந்து பானெட்டுக்கு நான் கட்டியிருந்த ரெண்டு கயிறு. "இது எதுக்குடா, பாக்கவே அசிங்கமா இருக்கு"ன்னு சிரிச்சவன் அப்ப ஒண்ணும் பேசலை :-)

கணக்கு ரொம்ப எளிசு. எங்க கூரையில ரெண்டு கம்பிக்கும் நடுவுல 70 செ.மீ. கடல் கயாக்கு 5 மீட்டர். அதாவது முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு ரெண்டு மீட்டருக்கு மேல அந்தரத்துல தொங்குது. கிணத்துல ஏத்தம் போட்ட மாதிரி, மூக்குல காத்து கொஞ்சம் தூக்கினாலும் கம்பிக்கு விழுற இழுப்பு பல மடங்கு. காத்தோட விசை வேகத்தோட இருமடில ஏறும், 80லேர்ந்து 110க்குப் போனாலே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பாலத்துல பக்கவாட்டுக் காத்து வேற.

எடையையும் பாருங்க. எங்க கார் கையேட்டுல கூரைக்கு 75 கிலோ. ரேக்கோட எடையும் அதுக்குள்ளதான். ரெண்டு படகு 50, ரேக் ஒரு 5-6, தாங்கிகள் இன்னும் கொஞ்சம், தப்பிச்சோம். சில சின்னக் கார்களுக்கு 50தான். அதுல ரெண்டாவது படகுக்கு இடமே இல்ல, எவ்வளவு விலையுயர்ந்த ரேக் போட்டாலும்.

அப்ப எங்க மிச்சம் பிடிக்கலாம்? கம்பி பழசு போதும், சதுரக் கம்பி கொஞ்சம் ஊளையிடும், பாட்டைச் சத்தமா வச்சுக்கோங்க. ஜே வடிவத் தாங்கி ஒரு படகுக்குத் தேவையே இல்ல, ஸ்பாஞ்சுக் கட்டை போதும். பட்டையும் சாதா பக்கிள் வச்சதே நல்லது. ராட்செட் வச்சு முறுக்குறவங்களைப் பாத்தா எனக்குக் கோவமே வரும், பிளாஸ்டிக் படகு பள்ளம் விழுந்துடும். பட்டையில ஒரு முறுக்கு விட்டுக் கட்டினா அது விர்ர்ருன்னு அடிக்காது. கிட் மட்டும் உங்க காரோட மாடல், வருஷம், கதவு எண்ணிக்கை பாத்துப் புதுசா வாங்குங்க. ரப்பர் வைக்கிற இடத்தைத் துடைங்க, மண்ணு இருந்தா பெயின்ட் போயிடும். கிளம்பி பத்து நிமிஷத்துல நிறுத்தி இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்க.

(ஸ்வீடன் கம்பெனி தூலே 1942ல மீன் பொறி வித்துத்தான் ஆரம்பிச்சதாம். ரேக் எல்லாம் அப்பறம் வந்தது.)

மூக்குக் கயிறை வீணை நரம்பு மாதிரி முறுக்கவும் வேண்டாம், படகு வளைஞ்சுடும். தொய்வு இல்லாம இருந்தா போதும். எனக்கு லாரிக்காரங்க போடுற முடிச்சு ஒண்ணுதான் வருது, அதுவும் மழையில நனைஞ்சா அவுக்க முடியலை. சுலபமா அவுர்ற முடிச்சு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லிக் குடுங்கப்பா, சனிக்கிழமை மறுபடியும் கிளம்புறோம்.